கண்டெடுத்தவனின் கடன்

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறிவந்து, அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் இறங்கி ஆகாய கங்கையில் நீராடிவிட்டு, இருட்டுவதற்குள் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ திரும்பிவிட வேண்டுமென்று அவசரப்படுகிற ஆடி மாதத்து யாத்திரிகர் கூட்டத்தில், ஈரத்துணி மாற்றும் சந்தடியில் ஒருவருடைய பணப்பை படியோரத்தில் விழுந்துவிடுகிறதென்று வைத்துக்கொள்வோம். அதைக் காண்பவன் காப்பித் தோட்டத்தில் நாட்கூலிக்கு உழைக்கும் மலைவாசி ஒருவன். பைக்குரியவரை அவன் முன்பின் அறியான், அவரும் அவனை அறியார், பார்த்தவர் எவருமில்லை. அவன் அந்தப் பையை உரியவரிடம் சேர்ப்பித்தால், அச்செய்கையைத் தானமென்று கொள்வதா, கடமையென்று கொள்வதா? வினா சிறியதாகத் தோன்றினும் விளைவு சிறியதன்று. தானம் செய்யாதவனை உலகம் குற்றவாளி என்பதில்லை. பெற்ற கடனைத் தீர்க்காதவனை அவ்வாறு விட்டுவிடுவதுமில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் நிதானமாகவே பேசுகிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 403ஆம் பிரிவின் கீழ் ஓர் உதாரணம் காட்டிற்று: நெடுஞ்சாலையில் கிடக்கும் ஒரு ரூபாயை, அது யாருடையதென்று அறியாமல் ஒருவன் எடுத்தால், எடுத்த அக்காரியம் குற்றமாகாது. உரியவர் இன்னாரென்று தெரிந்த பின்னரோ, தெரிந்துகொள்ள மார்க்கம் இருக்கும்போதோ, அவரைத் தேட நியாயமான முயற்சி செய்து நியாயமான காலம் காத்திராமலோ அதைத் தனதாக்கிக்கொண்டால்தான் குற்றம் பிறக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவும் இவ்விதியையே தொடர்கிறது. ஆனால் அந்நாளைய ரூபாய் நாணயம் தன் சொந்தக்காரர் யாரென்று சொல்லாது. இந்நாளையப் பணப்பையிலோ ஆதார் அட்டையும் வங்கி அட்டையும் மருந்துச் சீட்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே “யாருடையதென்று தெரியவில்லை” என்னும் சமாதானம் முன்னைப்போல் எளிதில் செல்லுபடியாவதில்லை.

கொல்லிமலையில் நின்றுகொண்டு கொடையைப் பற்றிப் பேசாதிருத்தல் அரிது. இம்மலைக்குரியவனான வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். ஆடிப் பதினெட்டையொட்டி இன்றும் அரசே அவனுக்கு விழா எடுக்கிறது. அவ்வோரியைப் போரில் கொன்றவன் மலையமான் திருமுடிக்காரி. கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான் என்று சங்கப் பாட்டு சொல்கிறது. அந்தக் காரியும் அதே எழுவருள் ஒருவனாக எண்ணப்படுகிறவன் என்பதுதான் விசித்திரம்! அவனுடைய பிற கொடைகளைப் பற்றி நமக்கு வழக்கில்லை. ஆயினும், ஒருவனுடைய மலையைப் பறித்து மற்றொருவனுக்கு வழங்கியதைக் கொடை என்ற கணக்கில் சேர்ப்பதற்கு மனம் ஒப்பவில்லை. கொடுக்கப்படும் பொருள் யாருடையது என்ற கேள்வியைக் கேளாமல் கொடுத்த கையை மட்டும் புகழ்வது பழக்கமாகிவிட்டால், வள்ளலுக்கும் சூறையாடியவனுக்கும் வேற்றுமை மங்கிவிடும். பையைத் திருப்பித் தந்த கூலியாளை “வள்ளல்” என்றும் “பெரிய மனசுக்காரன்” என்றும் நாம் கொண்டாடும்போது, இதே பிழையைத் தலைகீழாகச் செய்கிறோம். அவன் தன்னுடையது எதையும் ஈயவில்லை. கண்ணெதிரே இல்லாத ஒருவருக்கு ஒரு பொருளின் மேலுள்ள பாத்தியதை, அவர் இல்லாததனாலேயே அழிந்துபோகாது என்பதை அவன் ஏற்றுக்கொண்டான், அவ்வளவே. அந்த அவ்வளவும் மிகப் பெரிதென்பது வேறு விஷயம்.

வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று பல நாடுகளாகப் பிரிந்து வாழும் இம்மலையின் சிற்றூர்களில், வழியில் கிடக்கும் அரிவாளையோ வழிதவறிய ஆட்டையோ பார்த்த மாத்திரத்தில் இன்னாருடையதென்று சொல்லிவிடுவார்கள். அங்கே திருப்பிக் கொடுப்பது நேர்மையாலா, நாளைக்கும் அதே மனிதர் முகத்தில் விழிக்க வேண்டியிருப்பதாலா என்று பிரித்தறிவதற்கு வழியில்லை, பிரித்தறியும் அவசியமுமில்லை. தெய்வ பயமும் உடன் இருக்கிறது. பொருளைப் பறிகொடுத்தவர்கள் ஆனைமலை மாசாணியம்மன் சந்நிதியில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுகிறார்கள். கொல்லிமலையின் எட்டுக்கை அம்மனிடத்தும் மக்கள் பயபக்தியோடுதான் நெருங்குகிறார்கள். இப்பயத்தை இகழ்வது விவேகமாகாது. பல வீடுகளில் பூட்டு செய்யாத காவலை அது செய்துவந்திருக்கிறது. ஆனால் எங்கிருந்தோ வந்து, எதைத் தொலைத்தோமென்றே வீடு சேரும்வரை அறியாத யாத்திரிகர் எந்தச் சந்நிதியிலும் முறையிடப் போவதில்லை. ஊராரின் கண்ணும் முறையீட்டின் அச்சமும் எட்டாத அந்த இடத்தில்தான் அந்நியருடைய நேர்மை என்பது தனித்து நின்று சோதிக்கப்படுகிறது.

அச்சோதனையை விஞ்ஞானிகள் சிலர் செய்தும் பார்த்திருக்கிறார்கள். 40 நாடுகளின் 355 நகரங்களில், 17,000க்கு மேற்பட்ட பணப்பைகளை வங்கி, தங்கும் விடுதி, காவல் நிலையம், அஞ்சலகம் முதலிய இடங்களின் முகப்பில் இருந்தவர்களிடம், “தெருவில் கிடந்தது” என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். அதன் முடிவு 2019இல் ‘சயின்ஸ்’ சஞ்சிகையில் வெளியாயிற்று. பணமில்லாத பைகளில் சுமார் 40 சதவீதத்துக்கே உரியவருக்குத் தகவல் போயிற்று. பணமுள்ளவற்றில் 51 சதவீதத்துக்குப் போயிற்று. பணம் மிகுந்தால் நேர்மை குறையும் என்று எதிர்பார்த்த பொருளாதார அறிஞர்கள் ஏமாந்தார்கள். தன்னைத் திருடனென்று தானே எண்ணிக்கொள்ள மனிதன் கூசுகிறான். தொகை ஏற ஏற அக்கூச்சமும் ஏறுகிறது என்பது ஆய்வாளர் கொண்ட விளக்கங்களுள் ஒன்று. விளக்கம் அழகாகத்தான் இருக்கிறது. எனினும், மாதச் சம்பளம் பெற்று மேஜைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரின் மனச்சாட்சியை அளந்த அளவுகோலைக் கொண்டு, மழைநாளில் வேலையில்லாமல் படியோரம் நிற்பவனுடைய மனச்சாட்சியையும் அளந்துவிடலாமா என்ற சந்தேகம் தீரவில்லை.

நமது பத்திரிகைகள் இந்தச் சந்தேகத்தை வேறுவிதமாகத் தீர்த்துக்கொள்கின்றன. 2018 ஜூலையில் ஈரோட்டில் ஏழு வயதுப் பள்ளிச் சிறுவன் ஒருவன் தெருவில் கண்டெடுத்த 50,000 ரூபாயை ஆசிரியர் மூலமாகக் காவல்துறையிடம் ஒப்படைத்தான். நடிகர் ரஜினிகாந்த் அவனை வரவழைத்துப் பாராட்டி, படிப்புச் செலவை ஏற்பதாகச் சொன்னார். 2021 ஜனவரியில் சென்னையில், கல்யாண வீட்டார் ஆட்டோவில் மறந்துவிட்டுப் போன 50 பவுன் நகையை ஓட்டுநர் திருப்பிக் கொடுத்தார். இத்தகைய செய்திகளிலெல்லாம் கொடுத்தவருடைய வறுமை தவறாமல் தலைப்பிலோ முதல் வரியிலோ இடம் பெறுகிறது. வங்கி மேலாளர் ஒருவர் இதையே செய்திருந்தால் செய்தியே இராது. ஏழை திருடுவதுதான் இயல்பு, திருடாமலிருப்பதுதான் அதிசயம் என்னும் அபிப்பிராயம் அந்தப் புகழ்ச்சிக்குள் ஒளிந்திருக்கிறது. சால்வையோடு சேர்த்து அந்த அவமதிப்பையும் அவர் தோளில் போர்த்தி அனுப்புகிறோம். அதே தொகை செல்வனைவிட வறியவனைப் பன்மடங்கு சலனப்படுத்தும், ஆகையால் அவனுடைய வெற்றியும் பன்மடங்கு என்று வாதிப்பவர் உண்டு. அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அப்படிக் கொள்பவர், அந்தச் சலனத்தைப் போக்கும் அளவுக்கு அவனுக்குக் கூலி தந்தோமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். சால்வை போர்த்தும் மேடைகளில் அக்கேள்வி எழுவதில்லை. சிறுவனுக்குக் கிடைத்த பரிசால் நேர்மைக்கு விலை குறிக்கப்பட்டுவிட்டதென்று அஞ்சுவதற்கும் காரணமில்லை. பணத்தை ஆசிரியரிடம் நீட்டிய வேளையில் அவன் அப்பரிசை அறியான்.

புகழ்ச்சியைக் குறைத்துக்கொள்ளலாம், செலவைக் கணக்கிடாமல் விடலாகாது. பையை எடுத்தவன் வாழவந்திநாடு காவல் நிலையத்துக்கு நடந்தோ பேருந்திலோ போய், எங்கே எப்போது கண்டெடுத்தானென்று எழுதிக்கொடுத்து, உரியவர் வரும்வரை காத்திருந்தால் ஒருநாள் கூலி போயிற்று. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இதைக் கருதியிருக்கிறது. ஆனால் அது கருதிய விதம் யோசிக்கத்தக்கது. பொருளைக் காத்து, உரியவரைத் தேடியதற்கான செலவுக்காகக் கண்டெடுத்தவன் வழக்காட முடியாது என்கிறது 168ஆம் பிரிவு. அச்செலவைப் பெறும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள மட்டும் உரிமை தருகிறது. அதாவது, “செலவைக் கொடுத்தால்தான் பையைத் தருவேன்” என்று சொல்லத் துணிகிறவனுக்குச் சட்டம் துணை நிற்கிறது. கேட்ட மாத்திரத்தில் கையை நீட்டிக் கொடுத்துவிடுகிறவன், கொடுத்த கணத்திலேயே தன் ஒரே ஈட்டையும் இழந்துவிடுகிறான். அவனிடத்தில் வழக்குமில்லை, பிடிமானமுமில்லை. பைக்குள்ளிருக்கும் நோட்டுகளை அவனெதிரிலேயே எண்ணிச் சரிபார்த்துவிட்டு, “நல்லா இருப்பா” என்று வாழ்த்திப் போகிற சொந்தக்காரர், அவனுடைய பேருந்துக் கட்டணத்தையும் அந்நாளின் கூலியையும் தானமாகத் தர வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. அது அவர் பட்டிருக்கும் கடன், அவன் கேளாவிட்டாலும்.