இல்லாத சொல்லும் இல்லாத அறிவும்: ஆஸ்திரோ-ஆசிய எண்ணுப்பெயர் மீட்டுருவாக்கத்தில் ஓர் அறவினா

மூலமொழிச் சொல்லை மீட்டுருவாக்கும் ஆய்வாளர் அதன்முன் உடுக்குறி இடுவது மரபு. அவ்வடிவம் ஏட்டிலோ கல்வெட்டிலோ கண்டதன்று, ஒப்பீட்டால் உய்த்துணரப்பட்டது என்பதே அக்குறியின் பொருள். மீட்ட சொல்லுக்கு இத்துணை அடக்கம் காட்டும் ஆய்வுலகம், மீட்க இயலாத சொல்லைப் பற்றிப் பேசுங்கால் அவ்வடக்கத்தை மறந்துவிடுவதுண்டு. எண்ணுப்பெயர்களின் தொகையை நாகரிகத்தின் அளவுகோலாகக் கொண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போக்கு முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஒரு சொல்லை மீட்க இயலாதபோது அவ்வறிவே அம்மக்களிடம் இல்லை என உரைத்தல் முறையாகுமா?

ஆஸ்திரோ-ஆசிய மொழிக்குடும்பம் இவ்வினாவை ஆராயத் தக்க களம். 'இரண்டு' என்பது சந்தாலியில் 'பார்', காசியில் 'ஆர்', வியட்நாமியத்தில் 'ஹாய்'. கெமர் மொழியில் 'பீ' என ஒலிப்பினும் எழுத்தில் இறுதி ரகரம் இன்றும் நிற்கிறது. ஆகவே ரகர ஈறு மூலமொழிக்குரியது எனத் துணியலாம். மூன்றும் நான்கும் சந்தாலியில் 'பே', 'போன்'. வியட்நாமியத்தில் 'பா', 'போன்'. மேலே செல்லச் செல்ல இவ்வொற்றுமை தளர்கிறது. கெமரில் ஆறுக்குத் தனிச்சொல் இல்லை. 'ஐந்தொன்று' என்றே வழங்கும். இதனைத் தொன்மையின் எச்சமெனக் கருதத் தோன்றும். ஆயின் ஒடிசா, ஆந்திர மலைகளின் சோரா மொழியில் ஆறு 'துத்ரு'. வியட்நாம் மேட்டுநிலத்துப் பஹ்னாரில் 'தொத்ரோ'. இவ்வொப்புமையை ஏற்பின், வெற்றிடம் கெமருக்கு உரியதேயன்றி மூலமொழிக்கு உரியதன்று.

கெமரின் வரலாறு மேலும் எச்சரிக்கிறது. அதன் முப்பது முதல் தொண்ணூறு வரையான பதின்மப் பெயர்கள் தாய்லாந்து மொழியினின்றும் கடன்பெற்றவை. கல்வெட்டுகள் கிடைத்திராவிடின் முன்னோர் முப்பதை எண்ண அறியாதவர் என்று ஒருவர் எழுதியிருக்கக்கூடும். பழங்கெமரோ இருபதை அடியாகக் கொண்டு எண்ணியது. அறியப்பட்ட மிகப்பழைய சுழியக் குறிகளுள் ஒன்று, சக ஆண்டு 605 (கி.பி. 683) எனப் பொறித்த சம்போர்க் கல்வெட்டில் உள்ளது, அக்கல்வெட்டின் மொழி பழங்கெமரே. குறிமுறை இந்தியாவிலிருந்து சென்றது என்பர். எனினும் ஆறினை 'ஐந்தொன்று' என்ற நாவுக்கு அச்சுழியம் சுமையாகவில்லை. தமிழின் 'ஆயிரம்' வடமொழிவழி வந்தது என்பார் பலர். அதுகொண்டு தமிழர் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதோடு நின்றனர் என எவரும் கூறுவதில்லை. எழுத்து வாய்க்காத சிறுபான்மை மொழியினர்க்கும் அவ்வளவையே பொருந்தும்.

சோராவில் பன்னிரண்டு தனியோர் அடியெண். பதின்மூன்று 'பன்னிரண்டு-ஒன்று', முப்பத்திரண்டு 'இருபது-பன்னிரண்டு'. பத்தை மட்டுமே எதிர்நோக்கி வரையப்பட்ட ஒப்பீட்டு அட்டவணையில் இதற்குரிய கட்டம் இராது.