‘என்னால் இவ்வளவுதான்’ என்று சொல்லிப் பார்!

சம்பளம் கம்மி, அதனால்தான் சேமிக்க முடியவில்லை என்கிறாய். கம்மிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதைவிடக் கம்மியாக இருந்ததே, அப்போதும் இதையேதான் சொன்னாய்! சம்பளம் ஏறியது. கூடவே போன் ஏறியது, பைக் ஏறியது, வாடகை ஏறியது, மாதத் தவணை ஏறியது. மாசக் கடைசியில் கையில் நிற்பது மட்டும் ஏறவில்லை. ஏன் என்று என்றைக்காவது உட்கார்ந்து யோசித்தாயா தம்பி?

நான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நாலு பேர் நடுவில் நிமிர்ந்து நின்று, “என்னால் இவ்வளவுதான் முடியும்” என்று சொல்லும் தைரியம் உனக்கு வரவில்லை. அது வராததால்தான் உன் உழைப்பு நகைக்கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் வட்டிக்காரனுக்கும் பங்கு போகிறது. டீயைக் குறை, சினிமாவைக் குறை என்று உபதேசம் செய்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. நைட் ஷிப்டில் நிற்பவன் குடிக்கிற இரண்டு டீயால் எந்தக் குடும்பமும் நடுத்தெருவுக்கு வந்ததில்லை. குடும்பங்களைச் சாய்ப்பது, வருஷத்தில் ஒன்றோ இரண்டோ முறை கௌரவத்துக்காகப் போடும் கையெழுத்து.

தங்கச்சி கல்யாணத்தையே எடுத்துக்கொள். கையில் ஐந்து பவுனுக்குப் பணம் இருக்கிறது. நகைக்கடையில் தட்டைப் பரப்பி வைத்த பையன், “அம்மா, இந்த ஆரத்தையும் சேர்த்துப் போட்டாத்தான் மேடையில எடுப்பா இருக்கும்” என்கிறான். அம்மா உன்னைப் பார்க்கிறாள். சித்தி காதோரமாக, “மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாங்க” என்கிறாள். அவ்வளவுதான், நீ விழுந்தாய். அந்தப் பில்லைக் கொஞ்சம் கூர்ந்து பார். 40 கிராம் ஆரத்துக்கு 15 சதவீதம் சேதாரம் என்றால் 6 கிராம் தங்கத்தின் விலையைக் கூடுதலாகக் கட்டுகிறாய். அந்த 6 கிராம் உன் வீட்டுக்கு வருவதில்லை. அதற்குமேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. நாளைக்கு அடகு வைக்கப் போனால் தராசில் நிற்பது 40 கிராம்தான், கல் பதித்திருந்தால் அதையும் கழிப்பார்கள். தங்கமே வாங்காதே என்று நான் சொல்லவில்லை. ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போதும், காலேஜ் ஃபீஸ் கட்டக் கடைசி நாளிலும், நம் வீட்டுப் பெண்களின் நாலு பவுன் எத்தனை மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது! அந்தத் தங்கத்துக்கு நான் கும்பிடு போடுகிறேன். கடன் வாங்கிப் போடுகிற தங்கத்தோடுதான் எனக்குச் சண்டை.

அந்தக் கடன் எப்படி வருகிறது? “நமக்குத் தெரிஞ்சவர்தான், நூத்துக்கு மூணு வட்டி.” காதில் விழும்போது மூன்று என்பது சின்ன எண். மாதத்துக்கு மூன்று, வருஷத்துக்கு 36! ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 3,000. மூன்று வருஷத்தில் 1,08,000 ரூபாய் வட்டி கட்டி முடித்திருப்பாய். அசல் ஒரு லட்சம் அப்படியே உன்னை முறைத்துக்கொண்டு நிற்கும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. நல்ல சட்டம். ஆனால் அது வருவது நீ அடிபட்டு மனுவோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கும்போது. நகைக்கடையில் உன் வாய் திறந்திருந்தால் அந்த வாசலுக்கே போயிருக்க வேண்டாம்.

இப்போது அதே 3,000 ரூபாயை வேறு பக்கம் திருப்பு. 25 வயதில் ஆரம்பித்து மாதா மாதம் போட்டு வருகிறாய், வருஷத்துக்கு 8 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள். 60 வயதில் கையில் சுமார் 68 லட்சம். 35 வயதில் ஆரம்பித்தால் சுமார் 28 லட்சம். முதல் ஆள் கூடுதலாகப் போட்டது 3,60,000 ரூபாய்தான்; முடிவில் வித்தியாசம் 40 லட்சம்! பேங்க் மேனேஜர் யாருக்கும் சலுகை காட்டவில்லை, காலம் செய்த வேலை இது. “எனக்கு 45 ஆகிவிட்டதே” என்று தலையில் கை வைக்காதே. இன்றைக்கு ஆரம்பித்தாலும் 60-ல் பத்து லட்சம் நிற்கும். ஒன்றுமே இல்லாமல் நிற்பவனுக்கும் பத்து லட்சத்தோடு நிற்பவனுக்கும் நடையே வேறு.

ஒரகடம், ஓசூர், திருப்பூர் என்று எந்தத் தொழிற்பேட்டைக்குப் போனாலும் கேட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். வாசலில் ஒரு பலகை: ‘பி.எஃப். பணம் எடுத்துத் தரப்படும்’. என்னைக் கேட்டால் தமிழ்நாட்டின் ஆபத்தான பலகைகளில் அதுவும் ஒன்று. ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்கு மாறுகிறாய். ஆதார், பாஸ்புக், போனுக்கு வரும் ஓ.டி.பி. இவ்வளவுதான் அந்தக் கடைக்காரனுக்கு வேண்டும். கணக்கில் கிடந்த 1,40,000 வெளியே வருகிறது. ஷோரூமிலிருந்து ஒரு பைக்கும் வெளியே வருகிறது. 29 வயதில் இதைச் செய்தாய் என்று வை. 2023-24-ம் ஆண்டுக்கு பி.எஃப். தந்த வட்டி 8.25 சதவீதம். அதே வட்டி தொடர்ந்தால், தொடாமல் விட்ட அந்தப் பணம் 58 வயதில் கிட்டத்தட்ட 14 லட்சம். அந்த பைக் அதற்குள் காயலான் கடையில் எடைக்குப் போயிருக்கும்.

இதில் இன்னொரு அடியும் இருக்கிறது, பலருக்கு அது தெரிவதே இல்லை. முதலாளி உனக்காகப் போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகிறது. 2014 செப்டம்பரிலிருந்து அதற்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். ஆக மாதம் 1,250. அந்த பென்ஷன் உன் கைக்கு வர பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். கம்பெனி மாறும்போதெல்லாம் பென்ஷன் பணத்தையும் சேர்த்து வழித்து எடுப்பவனுக்கு சர்வீஸ் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. புது கம்பெனியில் சேர்ந்தால் பழைய கணக்கைப் புதியதோடு சேர். யு.ஏ.என். நம்பர் ஒன்றுதான், உன்னோடு கூடவே வரும். போனிலேயே முடிகிற வேலை.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அந்த பென்ஷனை மட்டும் நம்பி உட்காராதே. சராசரிச் சம்பளத்தைச் சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் கணக்கு. 15,000 உச்சவரம்பில் 35 வருஷம் மாடு மாதிரி உழைத்தவனுக்கு மாதம் 7,500 ரூபாய். குறைந்தபட்ச பென்ஷன் 1,000. ஒரு கேஸ் சிலிண்டர் வாங்கிவிட்டு மீதியை எண்ணிப் பார்! இதற்கு மேலே விலைவாசி வேறு. வருஷம் 6 சதவீதம் ஏறினாலே, இன்று 30,000 ரூபாயில் ஓடும் குடும்பத்துக்கு 24 வருஷம் கழித்து 1,20,000 வேண்டும். பயமுறுத்தவா சொல்கிறேன்? இல்லை. எதிரியின் உயரம் தெரிந்தால்தான் அதற்கேற்ற கம்பை எடுக்க முடியும்.

பி.எஃப். இல்லையே என்கிறாயா தங்கையே? வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறாய், நாலு வீட்டில் வேலை செய்கிறாய், உன் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். அடல் பென்ஷன் திட்டம் 2015-லிருந்து இருக்கிறது. 18-லிருந்து 40 வயது வரை சேரலாம், வருமான வரி கட்டுபவர்களுக்கு மட்டும் இப்போது இடமில்லை. 60-க்கு மேல் மாதம் 5,000 வேண்டுமானால், 18 வயதில் சேர்பவர் மாதம் 210 கட்டினால் போதும், 30-ல் 577, 40-ல் 1,454. நீ போன பிறகு உன் துணைக்கு அதே 5,000 வரும், அவருக்கும் பிறகு திரண்ட தொகை பிள்ளைகளுக்கு. 5,000 போதாதுதான். ஆனால் மருமகளிடம் கேட்டு வாங்காத 5,000 அது. தபால் ஆபீசில் பி.பி.எஃப். இருக்கிறது: வருஷம் குறைந்தது 500, அதிகபட்சம் ஒன்றரை லட்சம், 15 வருஷம். “பதினைந்து வருஷமா? நடுவில் சுலபமாக எடுக்க முடியாதே?” அதனால்தான் அதைச் சொல்கிறேன். அவசரமாகக் கேட்டு வருபவனிடம், “பி.பி.எஃப்.ல மாட்டிக்கிச்சு மாப்ள” என்று சொல்லிவிடலாம் அல்லவா? வாய் வராதவனுக்கு அரசாங்கமே வாய் கொடுத்திருக்கிறது!

சீக்கிரம் பணக்காரனாகும் வழி வேண்டுமா? அப்படி ஆசைப்பட்டவர்களை நாம் பார்க்கவில்லையா? 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி மோசடியில் போட்ட பணம் என்ன ஆனது? டெபாசிட்தாரர்களைக் காக்க 1997-லேயே தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. அதற்குப் பிறகும் ஏமாற ஆள் குறையவில்லை. இப்போது போனிலேயே எஃப் அண்ட் ஓ என்ற பங்குச்சந்தைப் பந்தயம். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024-ல் கணக்குப் போட்டுச் சொன்னது. மீதி ஏழு பேரில் நீ ஒருவன் என்று உனக்குத் தோன்றும். அந்த 93 பேருக்கும் அப்படித்தான் தோன்றியது. நல்ல மியூச்சுவல் ஃபண்டில் மாதா மாதம் போட்டுப் பத்துப் பதினைந்து வருஷம் திரும்பிப் பார்க்காமல் இருப்பவனுக்குப் பங்குச்சந்தை இடம் கொடுக்கிறது. காலையில் போட்டதைச் சாயங்காலம் எண்ணுபவன் அந்தப் பக்கமே போகக் கூடாது.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மச்சான் வருவார். “சும்மா ஒரு கையெழுத்துதான் மாப்ள, கட்டப்போறது நான்தானே.” 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, வாங்கியவனுக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவனுக்கும் அவ்வளவு. அவரைத் தேடாமல் நேராக உன் வீட்டுக் கதவைத் தட்டினாலும் சட்டம் தடுக்காது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்: இந்தத் தொகையை நானே கட்ட முடியுமா? முடியாது என்றால், உதவ நினைத்தால், கையில் இருக்கும் ஐயாயிரமோ பத்தாயிரமோ திருப்பிக் கேட்காத பணமாகக் கொடு. மச்சான் ஆறு மாசம் பேசமாட்டார். பேசாவிட்டால் போகிறது! கோர்ட் நோட்டீஸ் வந்த பிறகு ஆயுசுக்கும் பேசாமல் போவதைவிட இது மேல்.

ரிட்டயர் ஆகப் போகும் அண்ணன்களே, இனி உங்களிடம் பேசுகிறேன். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் ஒரே மாதத்தில் கணக்கில் வந்து விழும். வாழ்நாளில் பார்க்காத எண். அந்த வாரமே மகனுக்கு பிசினஸ் யோசனை வரும், மருமகனுக்குப் பிளாட் யோசனை வரும். பிள்ளைகள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, அவர்களுக்கு உழைக்கும் வயது பாக்கி இருக்கிறது; உங்களுக்கு இல்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500, மகன் முகத்தைப் பார்க்காமல் வரும். முதலில் அதைப் போடுங்கள். பிறகு மிச்சத்தைப் பற்றி மகனிடம் பேசுங்கள்.

வீட்டையும் எழுதிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். “அப்பா, இப்பவே செட்டில்மென்ட் பண்ணிட்டா பின்னால தகராறு வராது” என்பார்கள். செட்டில்மென்ட் பதிந்த நிமிஷத்தில் சொத்து கைமாறிவிட்டது. உயில் என்றால் மூச்சு இருக்கும் வரை சொத்து உங்களுடையது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ‘எங்களைக் கடைசி வரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்க வழி வைத்திருக்கிறது, ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா என்று கூச்சப்படாதீர்கள். பார்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ள பிள்ளைக்கு அந்த ஒரு வரியால் என்ன குறைந்துவிடும்?

தம்பி, உன்னிடம் திரும்பி வருகிறேன். இவ்வளவும் கேட்டுவிட்டு “அடுத்த மாசத்திலிருந்து” என்று சொல்லாதே. இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மனைவியை உட்காரவைத்து, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுது. அவளுக்குத் தெரியாத கடன் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதிக வட்டிக் கடன் எதுவோ அதை முதலில் அடை. முடிந்தால் அவளுடைய வளையலை பேங்கில் வைத்து அந்த மூன்று வட்டிக் கடனைத் தீர்த்துவிட்டு வா. பேங்க் நகைக்கடன் வட்டி அதில் பாதிகூட வராது. சம்பளம் விழுந்த மறுநாளே ஆர்.டி.க்கோ பி.பி.எஃப்.க்கோ தானாகப் பணம் போகும்படி பேங்கில் எழுதிக் கொடு, 500 ரூபாயாக இருந்தாலும் சரி. ஜன் சுரக்ஷா படிவத்தையும் அங்கேயே கேள்: வருஷம் 436 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு, 20 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு. பிறகு பி.எஃப். கணக்கைத் திறந்து நாமினி யார் என்று பார். கல்யாணத்துக்கு முன்னால் போட்ட பெயரே இன்னும் இருந்தால் மாற்று. பேங்க் வேலைக்கு அரை நாள் பர்மிஷன் போதும், மீதியைக் கேன்டீனில் உட்கார்ந்து போனிலேயே முடித்துவிடலாம்.