வேனில் முடியாத நாடு

ஆவணி பிறந்தால் முதுவேனில் முடிந்து கார் தொடங்கும் என்பது தமிழ் மரபு. தொல்காப்பியம் முல்லைத் திணைக்குக் காரையே பொழுதாக வைத்தது. ஆறு பொழுதுகளையும் இரண்டிரண்டு திங்களாக வகுத்துக் காட்டியவர்கள் உரையாசிரியர்கள். வேனில் வறண்டு முதல் மழை விழும் அந்நாள், பொருள்வயிற் பிரிந்த தலைவன் மீள்வதாகச் சொல்லிச் சென்ற நாளுமாகும். எனவே, பருவமாற்றம் அங்கே வானிலைச் செய்தி மட்டுமன்று. கொடுத்த வாக்கிற்கு உரிய தவணையும் ஆகும்.

இதனை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கற்பிக்கும் ஆசிரியர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. சிங்கப்பூரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ 10 நிமிடமே வேறுபாடு. வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தானிலும் திரங்கானுவிலும் வெள்ளம் பெருக்கும். ஆயினும், வேனில் முடிந்தது என்று சொல்ல இயலாது. மனப்பாடத்தோடு இப்பகுதியைக் கடந்துவிடுவோரும் உளர். அது போதாது. காலத்தின் எல்லையைப் புறவுலகம் காட்டாதபோது, வாக்கின் எல்லையை மனிதன் எங்கே காண்பான் என்னும் அறவினா இதனுள் அடங்கியிருக்கிறது.

இஃது ஏட்டு வினாவன்று. கங்காணி முறையில் மலாயாத் தோட்டங்களுக்கு வந்தோருள் பலர், சில ஆண்டுகள் உழைத்து ஊர் திரும்பும் எண்ணத்தோடுதான் கப்பலேறினர். 1938இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பைத் தடைசெய்தது. வந்தவர்களுள் திரும்பியவர் உண்டு, திரும்பாதவரும் உண்டு. கடன், நோய், போர் எனக் காரணங்கள் பல. அனைத்தையும் மனவுறுதியின் குறையெனப் பேசுவது கொடுமை. எனினும், நேற்றுப் போலவே இன்றும் விடியும் நாட்டில் 'அடுத்த ஆண்டு' என்பது வலியின்றித் தள்ளிப் போகும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

இங்கும் ஒரு பருவம் இருக்கத்தான் செய்தது. பிப்ரவரி, மார்ச்சுத் திங்களையொட்டி ரப்பர் மரங்கள் சிவந்து இலையுதிர்க்கும். பால் குறையும், பால்வெட்டுத் தொழிலாளியின் வருவாயும் குறையும். கையில் காசு குறைந்த அந்நாள்களில்தான் ஆண்டொன்று கழிந்தமை அவனுக்கு உறைத்திருக்கும். கப்பற் செலவுக்குப் பணமிராததும் அந்நாள்களிலேதான். பிரேசில் காட்டைத் தாயகமாகக் கொண்ட இம்மரமும் 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்ததே. கொன்றையைக் கண்டறியாத மாணவனுக்கு இதனைக் காட்டிப் பருவத்தை விளக்கலாம்.

கடலுக்கு அப்பால் காத்திருந்தவளோ ஆண்டுதோறும் கார் வரக் கண்டாள். குறுந்தொகைத் தோழி ஒருத்தி, பூத்த கொன்றையைப் பேதை மரம் என்கிறாள். காலமல்லாக் காலத்து மழையைக் கார் என மயங்கி மலர்ந்துவிட்டதாம். இது பொய்யா, அருளா என்று வகுப்பில் கேட்டால் மாணவர் இரு அணியாவர். ஒரு காருக்கு அது அருள் எனக் கொள்ளலாம். பத்தாவது காரிலும் ஒருத்தி அதே சொல்லைச் சொல்வாளாயின், அவள் தேற்றுவது தலைவியையா, காப்பது தலைவனையா என்பதையும் அம்மாணவரிடமே கேட்கவேண்டும்.