அடுத்த கடையில் குறைச்சல்!

லெதர் சோபா வாங்கப் போனேன். 85,000 ரூபாய் என்றார் விற்பனையாளர். ‘அடுத்த கடையில 72,000தானே சொன்னாங்க?’ என்றேன். அடுத்த கடைக்கு நான் போகவே இல்லை!

உள்ளே போய் முதலாளியிடம் பேசிவிட்டு வந்தார். ‘சரி சார், 74,000. என் கமிஷன் போச்சு’ என்றார். அதுவும் பொய்யாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அங்கேதான் உறுத்துகிறது.

பேரம் பேசுவது தப்பில்லை. தாராளமாகப் பேசுங்கள். ‘முழுக்கத் தோலா, உட்காருகிற இடத்தில் மட்டுமா?’ என்று கேளுங்கள். முதுகுப்பக்கம் ரெக்ஸின் வைத்துத் தைப்பது சகஜம். தோல் துணுக்குகளை அரைத்து ஒட்டிய ‘பாண்டட் லெதர்’ சில வருஷத்தில் உரிய ஆரம்பித்துவிடும். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தையே கெட்டுப்போகும் என்று 1970-ல் எழுதிய ஜார்ஜ் அகர்லாஃபுக்கு 2001-ல் பொருளாதார நோபலில் பங்கு கிடைத்தது. (பி.காமில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.)

என் பையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாதது என் உரிமை. சரி. ஆனால், போகாத கடையின் விலையைச் சொன்னேனே, அது? ரெக்ஸினைத் தோல் என்று சொல்லி விற்பவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்?

பில் போடும்போது கேட்டார்: ‘அது எந்தக் கடை சார்? சும்மா தெரிஞ்சுக்கத்தான்.’

அடிக்காத செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.