கணக்கில் வராத திறன்

நேர்முகத் தேர்வில் முதலாளி நம்மை எடைபோடுகிறார். அவரை எடைபோட நம்மிடம் என்ன அளவுகோல் இருக்கிறது? சம்பளம், போனஸ். பெரும்பாலும் அதோடு சரி.

மலேசியச் சட்டத்தில் இன்னோர் அளவுகோல் இருக்கிறது. 2001ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனத்தில் 10 உள்நாட்டுத் தொழிலாளர்கள் இருந்தாலே, அவர்களின் சம்பளத்தில் 1 விழுக்காட்டைப் பயிற்சி லெவியாகக் கட்ட வேண்டும். வேலை வாங்குகிறவருக்குக் கற்றுக்கொடுக்கும் கடமையும் உண்டு என்பதே இதன் பொருள்.

ஆனால், அச்சட்டத்தில் 'தொழிலாளி' என்றால் மலேசியக் குடிமக்கள் மட்டும்தான். எங்கள் தொழிற்சாலையில் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்பவர் ஒரு நேப்பாளத் தொழிலாளி. இயந்திரம் நின்றால் பொறியாளர்கள் நாங்களே அவரைத்தான் தேடுவோம். மனிதவளப் பிரிவின் பதிவில் அவர் வெறும் 'ஜெனரல் ஒர்க்கர்'. பெர்மிட் முடிந்து அவர் ஊருக்குப் போனால் அந்த அறிவும் கூடவே போய்விடும்.

"போகப்போற ஆளுக்கு எதுக்குப் பயிற்சி?" என்று கேட்பார்கள். நாங்களும்தான் நல்ல சம்பளம் கிடைத்தால் சிங்கப்பூருக்குப் போகிறோம். எங்களுக்கு மட்டும் பயிற்சி தரவில்லையா? லெவி கட்டச் சொல்லாத சட்டம், கற்றுக்கொடுக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. ஒருவரின் அறிவால் பிழைத்துக்கொண்டே அதைப் பதிவு செய்யாமல் விடுவது, கடன் வாங்கிக் கணக்கெழுதாமல் இருப்பதுபோலத்தான்.

அடுத்த நேர்முகத் தேர்வில் நான் ஒன்று கேட்கப்போகிறேன்: "உங்க கம்பெனியில ஆகக் குறைஞ்ச சம்பளம் வாங்குறவரு, கடைசியா என்ன கத்துக்கிட்டாரு?"