பிருங்கியின் பிடிவாதம்

திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் மூலவரே அர்த்தநாரீசுவரர்தான். வலப்பாதி ஆண், இடப்பாதி பெண், காலடியில் பிருங்கி முனிவர். பால்புதுமையினர் உரிமை பற்றித் தமிழில் பேச்சு எழும்போதெல்லாம் இந்த உருவத்தைச் சாட்சிக்கு அழைக்கிறோம். ஆணும் பெண்ணுமான கடவுளைக் கும்பிடுகிறவர்கள் திருநங்கையரை எப்படி ஒதுக்க முடியும் என்று கேட்கிறோம். அது சிவமும் சக்தியும் பிரியாதவை என்னும் தத்துவம், அதை மனித உடலோடு முடிச்சுப் போடாதீர்கள் என்று பதில் வருகிறது. அந்தப் பதிலில் பாதி நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். தலைமுறை தலைமுறையாக அந்த மலையேறிக் கும்பிட்டவர்கள் கீழே இறங்கித் திருநங்கைக்கு வீடு மறுத்திருக்கிறார்கள். உருவத்தை வணங்குவதாலேயே ஒரு சமூகம் சகிப்புள்ளதாகிவிடாது. ஆனால் அந்தக் கோயிலின் கதையில் வேறொரு வாதம் இருக்கிறது. நாம் அதை எடுத்துப் பேசுவதே இல்லை.

பிருங்கி நாத்திகர் அல்லர். சிவனைத் தவிர யாரையும் வணங்கமாட்டேன் என்றிருந்த கடும் பக்தர். அருகில் அமர்ந்திருந்த அம்மையை விலக்கி அப்பனை மட்டும் வலம் வந்தார். அம்மை தவமிருந்து அவன் உடலில் பாதியைப் பெற்றாள். அப்போதும் முனிவர் அடங்கவில்லை. வண்டாக உருமாறி, ஒட்டி நின்ற உடலின் நடுவே துளைத்துக்கொண்டு ஒரு பாதியை மட்டும் சுற்றி வந்தார். தன் பங்கான சக்தியை அம்மை அவர் உடலிலிருந்து எடுத்துக்கொள்ள, நிற்க முடியாமல் சரிந்தவருக்கு ஊன்றிக்கொள்ள மூன்றாவது கால் தரப்பட்டது. இந்தக் கதை யாருடைய பாலினத்தையும் பற்றியதல்ல என்று எதிர்த்தரப்பு சொல்லட்டும், ஒப்புக்கொள்கிறேன். பிடித்ததை மட்டும் வணங்கி, பிடிக்காததை வெட்டியெறியப் பார்க்கும் பக்தியைப் பற்றியது இது. கடை திறக்கும் நாளில் திருநங்கையைக் கூப்பிட்டுத் திருஷ்டி கழித்து, அவர் கையால் காசு வாங்கிப் பெட்டியில் போடுகிறோம். அதே திருநங்கை அதே தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால், சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்கிறோம். அவருடைய ஆசி வேண்டும், அக்கம்பக்கம் வேண்டாம். பிருங்கி செய்ததும் இதைத்தான்.

வேலை கேட்டாலும் இதே கதைதான். சேலத்தில் பிறந்த திருநங்கை பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தில் ஆண், பெண் தவிர வேறு பாலினத்துக்கு இடமில்லாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தை எதிர்த்து அவர் மீண்டும் மீண்டும் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மூன்றாம் பாலினத்தவரை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலிலேயே அங்கீகரித்துவிட்டது. திருநங்கையருக்கான நல வாரியத்தை நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாடு 2008-இல் அமைத்திருந்தது. இத்தனைக்கும் பிறகு, படித்த ஒருவர் ஒரு வேலைக்கு வழக்காட வேண்டியிருந்தது. வழக்காடும் வழியில்லாதவர்களுக்கு என்ன வாய்க்கும்? திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிப் பட்டறைகளும் நாமக்கல்லின் லாரி பாடி கட்டும் கூடங்களும் கோழிப்பண்ணைகளும் பள்ளிபாளையத்துத் தறிகளும் ஆள் தேடும் ஊர்கள் இவை. அங்கே வேலை கேட்டு நிற்கும் திருநங்கைக்கு, சிலர் முதலில் கோரும் தன்பாலினத் திருமணச் சட்டம் எதையும் பெற்றுத் தராது. திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றவர்கள், ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்குத் தனிப் பங்கு தரும் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்டு இத்தனை ஆண்டுகளாகப் போராடுவது இதனால்தான். கர்நாடகம் 2021-இல் அரசுப் பணிகளில் ஒரு சதவீதத்தை அப்படி ஒதுக்கியது. 2019-இல் நிறைவேறிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமோ, திருநர் மீதான பாலியல் கொடுமைக்கு அதன் 18-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை தண்டனை வைத்தது. பெண் மீதான வன்புணர்வுக்குக் குறைந்தது பத்தாண்டு. ஓர் உடலுக்கு ஒரு விலை, இன்னோர் உடலுக்கு வேறு விலை என்று சட்டமே எழுதிவைத்தது.

திருமண உரிமை கிடைத்தால் மற்றவை தானே வந்து சேரும் என்று இயக்கத்துக்குள்ளேயே சிலர் வாதிடுகிறார்கள். ஓய்வூதியம், வாரிசுரிமை, மருத்துவமனையில் கையெழுத்து என அவர்கள் அடுக்குபவை எல்லாம் உண்மையான தேவைகள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை ஏற்க மறுத்தது எனக்கும் வலித்தது. ஆனால் சட்டப்படி மணம் புரியும் உரிமை கையில் இருந்தவர்களுக்கு இந்த மண்ணில் நேர்ந்ததைப் பார்க்க வேண்டும். 2015 ஜூனில் ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்காக இதே அர்த்தநாரீசுவரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022-இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. சாதி கடந்த திருமணத்தை எந்தச் சட்டமும் அன்று தடுக்கவில்லை. யார் யாரோடு பழகலாம் என்று சாதியும் குடும்பமும் வைத்திருக்கும் காவல்தான் கொன்றது. மகள் இன்னொரு பெண்ணை விரும்புகிறாள் என்று தெரிந்ததும் அவளை அறைக்குள் பூட்டுவதும் அந்தக் காவல்தான். 2025 மே மாதம், வீட்டாரால் அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல, தேர்ந்துகொண்ட உறவும் குடும்பமே என்றது. தாலிக்கு முன்னால் பூட்டு திறக்க வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு புரிந்துகொண்டிருக்கிறது.

பால்புதுமையினர் உரிமையே மேல்நாட்டு இறக்குமதி என்பாருக்கு நீண்ட பதில் தேவையில்லை. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு 1860-இல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தில் வந்தது. திருநரைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணித்த 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டமும் அவர்களுடையதே. இறக்குமதியானது தண்டனை.

பகுத்தறிவாளரின் கேள்வி இதைவிடக் கனமானது. திராவிடர் கழகம் என்னும் பெயர் பிறந்த ஊர் சேலம். 1944-ஆம் ஆண்டு அங்கே நடந்த மாநாட்டிலிருந்து புறப்பட்ட மரபு, புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தை 1967-இல் சட்டமாக்கியது. சமத்துவத்துக்குப் புராணத்தின் துணை எதற்கு என்று அந்த மரபு கேட்டால், அரசைப் பொறுத்தவரை தேவையே இல்லை, அரசியல் சாசனம் போதும் என்பேன். ஆனால் வாடகை வீட்டுச் சாவியும் பட்டறை வேலையும் மகளின் அறைப் பூட்டும் அரசின் கையில் இல்லை. அவை பெரும்பாலும் பக்தர்களின் கையில் இருக்கின்றன. அவர்கள் மதிக்கும் கதையை வைத்தே அவர்களைக் கணக்குக் கேட்பது ஏமாற்று ஆகாது. அந்தக் கணக்கை அறநிலையத் துறையிடமும் கேட்கலாம். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குச் சொந்தமான கடைகளும் வீடுகளும் வாடகைக்கு விடப்படுகின்றன, கோயில் அலுவலகங்களில் சம்பளத்துக்கு ஆள் எடுக்கப்படுகிறது. அந்தக் கடைகளிலும் வீடுகளிலும் வேலைகளிலும் ஒரு பங்கைத் திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் ஒதுக்கி அறிவிக்கட்டும். முதல் ஒதுக்கீடு திருச்செங்கோட்டில் நடக்கட்டும்.