களவைத் தடுக்கும் சட்டமும் வழியை அடைக்கும் சட்டமும்

பிறர் உழைத்து ஆக்கிய திரைப்படத்தையோ நூலையோ அவரது இசைவின்றி இணையத்தில் ஏற்றுவதும் எடுப்பதும் குற்றமா என்று நம் இளைஞர்கள் வினவுகின்றனர். குற்றமே. கொடாததை எடாமை நாம் ஏற்ற பஞ்சசீலத்தில் இரண்டாவது. எடுத்த பின்னும் பொருள் உடையவனிடத்து அப்படியே இருக்கிறதே என்பது சமாதானமாகாது. அவனுக்கு வரவேண்டிய கூலி வராமற் போகிறது.

ஆனால், களவைத் தடுக்கப் புகுந்த அதிகாரம் எதுவரை செல்லலாம் என்பதே ஆராயத்தக்கது.

2012ஆம் ஆண்டில் ‘3’ என்னும் தமிழ்ப்படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆணை பெறப்பட்டது. இன்னார் என்று அறியப்படாத குற்றவாளிக்கு ‘அசோக்குமார்’ என்று பெயரிட்டு வழக்குத் தொடுப்பது நம் நாட்டு முறை. (அதற்கு அசோகன் பெயர்தானா அகப்பட்டது!) அவ்வாணையைக் கொண்டு இணைய இணைப்பு நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் முதலிய தளங்களை முழுமையாக அடைத்துவிட்டன. தன் சொந்தக் குறும்படத்தை அங்கு வைத்திருந்தவனுக்கும் அக்களவுக்கும் சம்பந்தம் யாது? நாம் பஞ்சாலையில் உழைத்த நாளில், ஒரு கண்டு நூல் குறைந்தால் ஷிப்டு முழுவதையும் வாயிலில் நிறுத்தி, கைகளைத் தூக்கச்செய்து சோதிப்பார்கள். நூலுக்கு உடையவன் முதலாளிதான்; அதற்காக நிரபராதிகளின் மானம் அவனுடையதாகிவிடுமா? அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அந்நீதிமன்றமே, திருட்டுப் பிரதியுள்ள குறிப்பிட்ட முகவரிகளுக்கே ஆணை செல்லும், தளம் முழுமைக்கும் அன்று எனத் தெளிவுபடுத்தியது.

அதே ஆண்டு ஜனவரி 18இல், அமெரிக்காவில் சோபா, பிபா என்னும் இரு மசோதாக்களை எதிர்த்து ஆங்கில விக்கிப்பீடியா ஒருநாள் முழுதும் தன் பக்கங்களை மூடியது. மசோதாக்கள் நின்றுபோயின. பலர் வந்து எழுதும் தளத்தில் எவனோ ஒருவன் செய்த களவுக்குத் தளமே பழிசுமப்பதானால், பெருநிறுவனம் வழக்கறிஞரை வைத்துப் பிழைத்துக்கொள்ளும். சிறு மூலதனத்துடன் புதியது காண முயல்பவன் தொடங்குமுன்னரே ஒடுங்குவான்.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம் ஓரளவு நேரியது. உரிமையாளர் எழுத்து மூலம் முறையிட்டால் 21 நாள் அப்பிரதியை நிறுத்திவைக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை வாராவிடில் மீண்டும் திறக்கலாம். ஆயினும், அதனை ஏற்றியவனுக்கு அறிவித்து அவன் மறுமொழியையும் கேட்க வேண்டுமென்று அங்கு விதியில்லை. அவ்விதியைச் சேர்க்க வேண்டுமென்றே நாம் கோருகிறோம்.